காற்புள்ளி இடுமுன் எழுவாயைத் தேடுங்கள்

வாசகர் கேள்வி

நான் சுன்னாகத்தைச் சேர்ந்தவள். யாழ்ப்பாண மாவட்டத்திலுள்ள ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். கொழும்பிலுள்ள அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும் அனுப்பும் ஆங்கிலக் கடிதங்களை நானே வரைய வேண்டியுள்ளது. நான் இடும் காற்புள்ளிகளில் பாதியை மேலதிகாரி சிவப்புப் பேனையால் வெட்டிவிடுகிறார். காரணம் கேட்டால், "வாசித்துப் பார்த்தால் தெரியும்" என்கிறார். மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி இட வேண்டும் என்றே நான் படித்தேன். செயப்பாட்டுவினையில் எழுதினால் கணினி நீலக் கோடு போடுகிறது. எழுதாவிட்டால், அரச கடிதம் போல் இல்லை என்கிறார்கள். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சிகளை ஒரு கொப்பி நிறையச் செய்துவிட்டேன். ஆனால் கடிதம் எழுதும்போது அவை கைகொடுக்கவில்லை. இரவில் அரை மணி நேரம் ஒதுக்க முடியும். எப்படிப் பயிற்சி செய்வது?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்வியோடு நீங்கள் அனுப்பியிருந்த கடித வரைவுகளை நிதானமாக வாசித்தேன். சொல்வளத்தில் குறையில்லை, எழுத்துப்பிழையும் அரிது. ஆனால் இந்த வாக்கியத்தின் எழுவாய் எது, அதற்குரிய வினைமுற்று எது என்பதைத் தீர்மானிப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள். காற்புள்ளி ஒரு பாடம், செயப்பாட்டுவினை வேறொரு பாடம் என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கும் இரண்டு தொல்லைகளும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஆதலால் இரண்டுக்கும் தனித்தனியே பயிற்சி தேட வேண்டாம். கீழே ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றை உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

மூச்சு விதியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது பொய்யான விதியன்று, காலம் கடந்த விதி. அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த பைசாந்தியத்து அரிஸ்தோபனீஸ் என்ற கிரேக்க அறிஞர், உரத்து வாசிப்பவர் எங்கே எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதைக் காட்டவே எழுத்துகளுக்கிடையில் புள்ளிகளை இட்டார். அச்சு வந்து, மனத்துக்குள் வாசிக்கும் வழக்கம் பரவிய பின்பு அந்தக் குறிகளின் வேலை மெல்ல மெல்ல மாறியது. இன்றைய ஆங்கிலத்தில் காற்புள்ளி, வாக்கியத்தின் எந்தப் பகுதி எதனோடு சேர்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் குறியாகிவிட்டது. தமிழ் உரைநடையோ குரலோடு கொண்ட உறவை இன்னும் விடவில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கையாண்டு உரைநடை எழுதிக் காட்டிய காலந்தொட்டு இன்றுவரை, நீண்ட எழுவாய்த் தொடரொன்றின் பின்னே ஒரு காற்புள்ளி இட்டு இளைப்பாறுவதை நாம் பிழையாகக் கொள்வதில்லை. ஆங்கிலத்தில் அது பிழை. உங்கள் மேலதிகாரி வெட்டியவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு வகையைச் சேர்ந்தவை.

"த லெற்றர் யூ சென்ற் லாஸ்ற் வீக், ஹாஸ் பீன் றிசீவ்ட்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே "கடிதம்" எழுவாய், "கிடைத்துள்ளது" என்பதற்குரிய சொற்கள் வினை. எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி ஒருபோதும் வரக்கூடாது. எழுவாய் எட்டுச் சொல் நீளமானாலும், அங்கே உங்களுக்கு மூச்சு முட்டினாலும் வரக்கூடாது. நடுவே வரலாமென்றால் இரண்டாக, ஒரு சோடியாகத்தான் வரலாம். அப்படிச் சோடியாக வரும்போது, இரண்டுக்கும் இடையில் உள்ளதைத் தூக்கிவிட்டு வாசித்தாலும் மிச்ச வாக்கியம் முழுமையாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தச் சோடி தவறான இடத்தில் இருக்கிறது.

இந்தச் சோடி எவ்வளவு பணத்துக்குப் பொறுப்பாகும் என்பதைக் கனடா ஒரு முறை பார்த்தது. றொஜர்ஸ் என்ற நிறுவனமும் அலையன்ற் என்ற நிறுவனமும், கம்பங்களில் கேபிள் இழுப்பது தொடர்பாக ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு உடன்படிக்கை நிலைக்கும், அதன்பின் மேலும் ஐந்தைந்து ஆண்டுகளுக்கு நீளும், ஓராண்டு முன்னறிவித்தல் கொடுத்து முடித்துக்கொண்டாலொழிய என்பது அதன் சாரம். "அதன்பின் மேலும் ஐந்தைந்து ஆண்டுகளுக்கு" என்ற பகுதிக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி இருந்தது. பின்னால் இருந்த காற்புள்ளி அந்தப் பகுதியை இடைச்செருகலாக்கிவிட்டதால், முன்னறிவித்தல் நிபந்தனை முதல் ஐந்து ஆண்டுகளுக்கும் பொருந்தும் என்று அந்நாட்டு ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2006 இல் தீர்ப்புக் கூறியது. 2007 இல் அதே ஆணைக்குழு, உடன்படிக்கை மாதிரியின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்து, அதில் பொருள் ஐயத்துக்கு இடமின்றி இருந்ததால், தன் முடிவை மாற்றிக்கொண்டது. மும்மொழியில் கடிதமும் சுற்றுநிருபமும் அனுப்பும் நமது அலுவலகங்களுக்கு இது அந்நியமான கதையன்று.

உங்கள் வேலையில் இதைவிட அடிக்கடி வரும் இடம் ஒன்றுண்டு. வெங்காயச் செய்கை அழிந்த விவசாயிகளுக்கு இழப்பீடு வழங்குவது பற்றிய உங்கள் வரைவை எடுத்துக்கொள்வோம். "த ஃபாமர்ஸ் ஹூ லொஸ்ற் தெயர் குறொப்ஸ் வில் பீ பெய்ட்" என்று காற்புள்ளியே இன்றி எழுதினால், பயிரை இழந்தவர்களுக்கு மட்டும் பணம் கிடைக்கும். "ஃபாமர்ஸ்" என்பதன் பின்னும் "குறொப்ஸ்" என்பதன் பின்னும் காற்புள்ளி இட்டால், எல்லா விவசாயிகளும் பயிரை இழந்தார்கள், எல்லாருக்கும் பணம் கிடைக்கும் என்று பொருள். "பயிரை இழந்த விவசாயிகளுக்குப் பணம் வழங்கப்படும்" என்ற தமிழ் வாக்கியத்தில் இந்த இரு பொருளும் ஒரே வடிவில் அடங்கிவிடுகின்றன; இடம் பார்த்து நாமே பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பு காற்புள்ளியிடம் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனைப் பற்றி எழுதும்போதும் இதே கதைதான்: உங்களுக்கு ஒரே அண்ணன் என்றால் சோடிக் காற்புள்ளி வேண்டும், இரண்டு மூன்று அண்ணன்மார் இருந்து, அவர்களில் ரொறன்ரோக்காரரைச் சுட்டுவதானால் காற்புள்ளி கூடாது. ஆக, காற்புள்ளி இடுவதற்கு இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது, விடயமும் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை விவசாயிகள் பாதிக்கப்பட்டார்கள் என்று தெரியாமல் அந்த வாக்கியத்தைச் சரியாக எழுத எவராலும் முடியாது.

அடுத்த வகை, இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டுவது. "த றோட் இஸ் டமேஜ்ட், த பஸ் டஸ் நொற் கம்" என்பதில் இரண்டு எழுவாய்கள், இரண்டு வினைமுற்றுகள் உள்ளன. தமிழில் "வீதி பழுதடைந்துள்ளது, பேருந்து வருவதில்லை" என்பது காதுக்கு இடறவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வினைமுற்றுகளைத் தாங்கும் வலு காற்புள்ளிக்கு இல்லை. முற்றுப்புள்ளி இடுங்கள், அல்லது அரைப்புள்ளி இடுங்கள், அல்லது காற்புள்ளிக்குப் பின் "ஸோ", "அண்ட்", "பற்" போன்ற இணைப்புச் சொல்லொன்றைச் சேருங்கள். "ஹவ்எவர்" அந்த இணைப்புச் சொற்களின் கூட்டத்தைச் சேர்ந்ததன்று என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி வேண்டும்.

"என்று" என்பதன் பழக்கத்தால் "தற்" என்ற சொல்லுக்கு முன் காற்புள்ளி இடுகிறீர்கள். "அவர் கூறினார் என்று" எனத் தொடரும் இடங்களில் அது தேவையில்லை. "இஃப்" என்று தொடங்கும் நிபந்தனைத் தொடர் முதலில் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி உண்டு, பின்னால் வந்தால் பொதுவாக இல்லை. பட்டியலின் கடைசி "அண்ட்" என்பதற்கு முன் காற்புள்ளி இடுவதா இல்லையா என்பதில் ஆங்கிலேயரே ஒத்துப்போகவில்லை. உங்கள் அலுவலக வழக்கத்தைப் பின்பற்றுங்கள், ஒரே கடிதத்தில் இரண்டு வழக்கமும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனிச் செயப்பாட்டுவினை. நீங்கள் நிரப்பிய கொப்பி வீண் என்று சொல்லமாட்டேன். "ரைற், றோற், றிற்றன்" என்று வினைகளின் மூன்றாம் வடிவம் நாவில் நிற்பதற்கு அது உதவியிருக்கும். உங்கள் வரைவுகளில் "வோஸ் றோற்" போன்ற பிழைகள் இல்லாததற்கு அந்தக் கொப்பியே காரணமாக இருக்கலாம். ஆனால் அத்தகைய பயிற்சிகளில் மாற்றத்தக்க வாக்கியங்களை மட்டுமே தருவார்கள். எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது, எப்போது மாற்ற வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் பயிற்சி எழுதியவரே உங்களுக்காகத் தீர்த்து வைத்துவிடுகிறார். கடிதம் எழுதும்போது அந்தத் தீர்மானம் முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

மாற்ற முடியாதவை எவை? "ஆன் அக்சிடன்ற் வோஸ் ஒக்கர்ட்" என்ற பிழை உங்கள் வரைவில் மட்டுமன்று, யாழ்ப்பாணத்தில் நான் திருத்திய ஏராளமான விடைத்தாள்களிலும் உண்டு. "விபத்து ஏற்பட்டது" என்பதில் வரும் "பட்டது" நம்மை ஏமாற்றுகிறது. "கட்டப்பட்டது", "அனுப்பப்பட்டது" என்பவற்றில் உள்ள "படு" செயப்பாட்டுவினைக்கு அடையாளம். "ஏற்பட்டது", "புறப்பட்டது", "மேம்பட்டது", "செயற்பட்டது" என்பவற்றில் உள்ள "படு" அப்படியன்று. அவை தன்வினைகள், செயப்படுபொருள் ஏற்காதவை. இவற்றைப் பிரித்தறியத் தமிழிலேயே ஒரு சோதனை உண்டு. "படு" என்பதைப் "படுத்து" என்று மாற்றிப் பாருங்கள். "ஏற்பட்டது" என்பது "ஒக்கர்ட்". "ஏற்படுத்தப்பட்டது" என்பது "வோஸ் கோஸ்ட்". "மேம்பட்டது" என்பது "இம்ப்ரூவ்ட்"; "மேம்படுத்தப்பட்டது" என்பது "வோஸ் இம்ப்ரூவ்ட்". "செயற்பட்டது" என்றால் தானே இயங்கியது; "செயற்படுத்தப்பட்டது" என்றால் யாரோ நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் மனத்தில் தமிழ் வாக்கியம் எந்த வடிவத்தில் எழுகிறதோ அதைக் கவனித்தாலே, ஆங்கிலத்தில் "வோஸ்" தேவையா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் என்றேன்; விலக்குகள் உண்டு. "தேவைப்படுகிறது" என்பது தமிழில் செயப்பாட்டுவினையன்று, ஆங்கிலத்திலோ "இஸ் நீடட்" என்று செயப்பாட்டுவினையாகும். மறுபுறம், நமது அரச தமிழுக்கு மிகவும் பிடித்த "காணப்படுகின்றது" வடிவத்தில் செயப்பாட்டுவினை; ஆனால் "குடிநீர்ப் பற்றாக்குறை காணப்படுகின்றது" என்பதை "எ வோற்றர் ஷோர்ற்றேஜ் இஸ் சீன்" என்று எழுதினால், யாரோ தொலைவில் நின்று பார்த்ததுபோல் இருக்கும். "தெயர் இஸ் எ வோற்றர் ஷோர்ற்றேஜ்" என்பதே ஆங்கிலம். (தமிழிலும் "பற்றாக்குறை உள்ளது" என்று எழுதினால் எவரும் கோபிக்கப் போவதில்லை.)

இன்னொன்று, "எனக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது" என்பது போன்ற வாக்கியங்கள். "எனக்கு" என்பதைப் பிடித்துக்கொண்டு "ரூ மீ" என்று தொடங்கிவிடுகிறோம். ஆங்கிலம் இங்கே பெறுபவரையே எழுவாயாக்க விடும்: "ஐ வோஸ் கிவன் எ சேர்ற்றிஃபிக்கற்". நமது நான்காம் வேற்றுமைக்குப் பழகிய மனம் இதை இலேசில் ஏற்பதில்லை. கொடு, அனுப்பு, காட்டு, அறிவி, வழங்கு என்ற பொருளுடைய வினைகளை எடுத்து, பெறுபவரை எழுவாயாக வைத்துப் பத்துப் பதினைந்து வாக்கியங்கள் எழுதிப் பழகுங்கள். கொப்பிப் பயிற்சிக்கு ஏற்ற இடம் இதுதான்.

எப்போது செயப்பாட்டுவினை வேண்டும் என்ற கேள்விக்குக் கணினியின் நீலக் கோடு விடை சொல்லாது. அது வடிவத்தைக் கண்டு கோடு போடுகிறது. உங்கள் நோக்கம் அதற்குத் தெரியாது. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்தும் அவரைச் சொல்ல வேண்டிய தேவை இல்லாதபோதும், செயப்படுபொருளே பந்தியின் பேச்சாக இருக்கும்போதும் செயப்பாட்டுவினை சரியானது. மதகு ஒன்றைப் பற்றி ஒரு பந்தி எழுதுகிறீர்கள் என்றால், எப்போது கட்டப்பட்டது, எந்த வெள்ளத்தில் சேதமாக்கப்பட்டது, எப்போது திருத்தப்பட வேண்டும் என்று மதகையே எழுவாயாக வைத்துச் செல்வது வாசிப்பவருக்கு எளிது. ஒவ்வொரு வாக்கியத்திலும் திணைக்களம், வெள்ளம், ஒப்பந்தகாரர் என்று எழுவாயை மாற்றிச் செய்வினையில் எழுதினால், நீலக் கோடு மறையும், பந்தி சிதறும்.

ஆனால் பொதுமகனின் கோரிக்கையை மறுக்கும் கடிதத்தில் "இற் ஹாஸ் பீன் டிசைடட்" என்று எழுதுவதை நான் ஆதரிக்கமாட்டேன். தீர்மானித்தது யார்? பிரதேச செயலாளரா, குழுவா, அமைச்சா? 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் அதை எழுதிக் கேட்கும் உரிமை உடையவர். கேட்கவைக்காமல் முதற்கடிதத்திலேயே "த கொமிற்றி டிசைடட்" என்று எழுதிவிடுவது நேர்மையும் சிக்கனமும் ஆகும். அரச கடிதம் போல் இல்லை என்று சொல்பவர்கள், செயப்பாட்டுவினை தரும் மரியாதையையும் அது தரும் மறைவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

காற்புள்ளியும் செயப்பாட்டுவினையும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து கெடும் இடம் ஒன்றையும் உங்கள் வரைவில் கண்டேன். "ஹாவிங் இன்ஸ்பெக்ரட் த றோட், த எஸ்ற்றிமேற் வோஸ் பிறிப்பெயார்ட்." தமிழில் "வீதியைப் பார்வையிட்ட பின் மதிப்பீடு தயாரிக்கப்பட்டது" என்பது எவருக்கும் உறுத்தாது. ஆங்கிலத்தில் அத்தகைய தொடக்கத் தொடருக்குப் பின் காற்புள்ளி இட்டவுடன், அடுத்து வரும் எழுவாயே முன்சொன்ன செயலையும் செய்திருக்க வேண்டும். உங்கள் வாக்கியத்தின்படி வீதியைப் பார்வையிட்டது மதிப்பீடு. இதைத் திருத்தக் காற்புள்ளியை நகர்த்திப் பயனில்லை. "த எஞ்சினியர் பிறிப்பெயார்ட் த எஸ்ற்றிமேற்" என்று செய்தவரைக் கொண்டுவர வேண்டும். கடிதங்களில் "ஹாவிங்", "ஆஃப்ரர் இன்ஸ்பெக்ரிங்" போன்ற தொடக்கம் வரும் இடமெல்லாம் காற்புள்ளிக்கு அடுத்த சொல்லைச் சுட்டுவிரலால் தொட்டுப் பாருங்கள்.

அரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது? முதல் இரண்டு மூன்று கிழமைகளுக்குப் புதிதாக எதையும் எழுத வேண்டாம். அனுப்பிய பழைய கடிதங்களின் பிரதிகளை எடுத்து, ஒவ்வொரு வினைமுற்றின் கீழும் பென்சிலால் கோடிட்டு, அதன் எழுவாயை வட்டமிட்டு, இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்த இணைப்புக் கோடு ஒற்றைக் காற்புள்ளியைத் தாண்டிச் செல்லுமானால் அந்தக் காற்புள்ளியை வெட்டுங்கள். முற்றுப்புள்ளிக்கு முன் எழுவாயும் வினைமுற்றுமாகத் தனித்து நிற்கத்தக்க இரண்டு இணைகள் இருந்து, இடையில் இணைப்புச் சொல் இல்லையானால் அங்கே குறியை மாற்றுங்கள். ஓர் இரவில் அரைப் பக்கம் முடிந்தால் போதும். விரைந்து பல பக்கங்கள் பார்ப்பதில் பயனில்லை.

பிறகு, நல்ல ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு பந்தியைத் தெரிவுசெய்யுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போகும் வழக்கம் இருந்தால், அங்கே ஆங்கிலப் பத்திரிகையொன்றின் ஆசிரியர் தலையங்கம் இதற்குப் பொருத்தமானது. அதைக் காற்புள்ளிகளை விட்டுவிட்டுக் கொப்பியில் பிரதிசெய்து, சொற்கள் நினைவிலிருந்து நழுவும்வரை சில நாள் மூடி வைத்துவிட்டு, பின்பு காற்புள்ளிகளை இட்டு மூலத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வோர் இடத்திலும் மூலமே சரி என்று பணிந்துவிட வேண்டாம். சில இடங்களில் இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆனால் உங்கள் காற்புள்ளிக்கு நீங்கள் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். "நிறுத்த வேண்டும் போலிருந்தது" என்பதைக் காரணமாக ஏற்கக்கூடாது.

வினைக்கான பயிற்சியை வாக்கியங்களில் செய்யாமல் பந்திகளில் செய்யுங்கள். ஒரு நாள் நடந்த கள ஆய்வை, பொறியியலாளரை மையமாக வைத்து ஒரு பந்தியும் வீதியை மையமாக வைத்து இன்னொரு பந்தியும் எழுதுங்கள். முதலாவதில் செய்வினையும் இரண்டாவதில் செயப்பாட்டுவினையும் தாமாகவே மிகுந்து வருவதைக் காண்பீர்கள். எந்த வினைவடிவம் வேண்டும் என்பதை வாக்கியம் தீர்மானிப்பதில்லை, பந்தி தீர்மானிக்கிறது என்பது அப்போது கையிலேயே தெரியும். கொழும்புக்கு அனுப்பும் கடிதங்களில் இது சிறிய விடயமன்று. 1987 இன் 13 ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. உங்கள் கடிதத்தை வாசிப்பவருக்கும் பெரும்பாலும் அது தாய்மொழியன்று. அவரும் எழுவாயைத் தேடித்தான் வாசிப்பார்.

மேலதிகாரியின் சிவப்புக் கோடுகளை ஒரு கோவையில் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் மேலே சொன்ன வகைகளில் எதைச் சேர்ந்தது என்று பக்கத்தில் குறித்து வாருங்கள். எந்த வகையிலும் சேராதவையும் வரும். உங்கள் இரண்டாவது வரைவில் "இஃப் இற் றெய்ன்ஸ்" என்பதன் பின் நீங்கள் இட்ட காற்புள்ளியையும் அவர் வெட்டியிருக்கிறார். நிபந்தனைத் தொடர் அங்கே முதலில் வருவதால் அந்தக் காற்புள்ளி சரியானது, அடுத்த கடிதத்திலும் அதைத் தயங்காமல் இடுங்கள்.